வளர்ந்த நாடுகளில் சீன நிறுவனங்கள் முதலீடு செய்வது எதற்காக?

செங்காந்தள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பன்னாட்டு வணிகத் துறையில் முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வளர்ந்த நாடுகளில் சீன நிறுவனங்கள் செய்யும் நேரடி முதலீட்டின் நோக்கங்களே என் தலைப்பு. எவ்வளவு படித்தாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை.

ஒரு நிறுவனம் வெளிநாட்டில் கால் ஊன்ற வேண்டுமென்றால், அங்குள்ள போட்டியாளர்களிடம் இல்லாத ஏதேனும் ஒரு வலிமை அதனிடம் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பாடம். பொருளாதார அறிஞர் ஜான் டன்னிங் வகுத்த நான்கு நோக்கங்களான சந்தை, இயற்கை வளம், செலவுத் திறன், உத்திசார் சொத்து (தொழில்நுட்பம், வணிகப் பெயர் போன்றவை) ஆகியவற்றையும் படித்திருக்கிறோம். டொயோட்டா அமெரிக்காவுக்குச் சென்றபோது அதன் உற்பத்தி முறையே அதற்குப் பலமாக இருந்தது. ஆனால் 2004 டிசம்பரில் ஐபிஎம் நிறுவனத்தின் தனிநபர் கணினிப் பிரிவை 175 கோடி டாலருக்கு வாங்குவதாக லெனோவோ அறிவித்தபோது, அந்தப் பிரிவின் விற்பனை லெனோவோவின் விற்பனையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. 1990-களின் இறுதியில்தான் கார் தயாரிக்கத் தொடங்கிய ஜீலி, 1927-இல் பிறந்த வோல்வோவை 2010-இல் வாங்கியது. இரண்டிலும் வாங்கியவரைவிட வாங்கப்பட்டதே தொழில்நுட்பத்திலும் பெயரிலும் உயர்ந்து நின்றது.

அக்காலத்தில் சீனாவில் கூலி குறைவு, சந்தையோ வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, கூலி மிகுந்த, ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் சந்தைகளுக்கு இந்த நிறுவனங்கள் ஏன் சென்றன? ‘அரசு போகச் சொன்னது, போனார்கள்’ என்று பல கட்டுரைகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அது போதுமான விளக்கமா? இத்துறையை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கடலோடி:

வணக்கம். உங்கள் முடிச்சு அவிழ வேண்டுமானால், ‘எந்தச் சந்தையில் வெல்வதற்காக வாங்கினார்கள்?’ என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு நிறுவனத்தை வாங்குபவர் ஜெர்மன் சந்தையைப் பிடிக்கத்தான் வாங்குகிறார் என்று நாமாகவே எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலான சீனக் கையகப்படுத்தல்களில், குறைந்தபட்சம் 2017 வரை நடந்த தொழில்துறைக் கொள்முதல்களில், வாங்கியவரின் கண் சீனச் சந்தையின் மீதே இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

கான்கிரீட் பம்புகளின் கதையைப் பாருங்கள். இதைப் போல் தெளிவான சான்று வேறொன்று எனக்குத் தெரியாது. கட்டுமானத் தளங்களில் கலவையைக் குழாய் வழியாக உயரத்துக்கு அனுப்பும் இந்த இயந்திரங்களில் ஜெர்மனியின் புட்ஸ்மைஸ்டர், ஸ்விங் ஆகிய இரண்டும், இத்தாலியின் சிஃபாவும் நெடுங்காலம் முன்னணியில் இருந்தன. துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டப்பட்டபோது 600 மீட்டருக்கும் மேலே கலவையை ஏற்றியது புட்ஸ்மைஸ்டர் பம்பு. சீனாவில் வீடுகளும் பாலங்களும் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்த ஆண்டுகளில் சானி, சூம்லயன் ஆகிய இரு நிறுவனங்கள் உள்நாட்டு விற்பனையில் இந்த ஐரோப்பியர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. இரண்டும் ஹூனான் மாநிலத்தின் சாங்ஷா நகரில் வளர்ந்தவை. ஒன்றையொன்று விடாமல் துரத்திய போட்டியாளர்கள். 2008-இல் சூம்லயன் சிஃபாவை வாங்கியது. 2012 ஜனவரியில் சானி, ஒரு சீன நிதி நிறுவனத்துடன் சேர்ந்து 36 கோடி யூரோவுக்குப் புட்ஸ்மைஸ்டரை வாங்குவதாக அறிவித்தது. அதே ஆண்டில், ஜியாங்சு மாநிலத்தின் சூசோ நகரைச் சேர்ந்த எக்ஸ்சிஎம்ஜி, ஸ்விங் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. ஆக, நான்கே ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் மூன்று முன்னணிப் பெயர்களும் மூன்று சீனப் போட்டியாளர்களின் கைக்கு, ஆளுக்கொன்றாகச் சென்று சேர்ந்தன.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது உரிமையாளர் யார் என்பது. சானி தனியார் நிறுவனம். எக்ஸ்சிஎம்ஜி அரசு நிறுவனம். சூம்லயனோ அரசு ஆராய்ச்சி நிலையமொன்றிலிருந்து பிறந்து, பங்குச் சந்தைக்கு வந்து, கலப்பு உரிமையில் இயங்கியது. மூன்று வகை உரிமையாளர்களும் ஒரே முடிவை எடுத்தார்கள் என்றால், அந்த முடிவை விளக்க அரசு உரிமை மட்டும் உதவாது. எதிரி ஒன்றை வாங்கிவிட்டான், நாமும் வாங்காவிட்டால் உள்நாட்டிலேயே பின்தங்கிவிடுவோம் என்ற அச்சம்தான் மூவருக்கும் பொதுவாக இருந்தது.

வோல்வோவுக்கு வருவோம். 1980-களிலிருந்து சீன அரசு, ‘சந்தையைத் தருகிறோம், தொழில்நுட்பத்தைத் தாருங்கள்’ என்ற அடிப்படையில் அயல்நாட்டுக் கார் நிறுவனங்களைக் கூட்டு நிறுவனங்களுக்குள் கொண்டுவந்தது. ஷாங்காயில் ஃபோக்ஸ்வாகன் 1984-இல் கையெழுத்திட்டது. ஆலைகள் வந்தன, வேலைவாய்ப்பு வந்தது, லாபமும் வந்தது. ஆனால் ஒரு காரை முதல் கோட்டிலிருந்து வடிவமைக்கும் அறிவு பெரும்பாலும் அயல் பங்காளியின் தலைமையகத்திலேயே தங்கிவிட்டது. ஜீலிக்கோ அத்தகைய கூட்டாளிகூட இல்லை. ஃபோர்டு 1999-இல் 645 கோடி டாலர் கொடுத்து வாங்கிய வோல்வோவை, நிதி நெருக்கடிக்குப் பின் 180 கோடி டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டபோது ஜீலி முந்திக்கொண்டது. 2013-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஒரு பொறியியல் மையம் நிறுவப்பட்டது. வோல்வோவும் அந்த மையமும் உருவாக்கிய ஒரே அடித்தளத்தின் மீது வோல்வோவின் எக்ஸ்சி40 காரும், சீன வாங்குநர்களை நோக்கிய லிங்க் அண்ட் கோ என்ற புதிய பெயரின் முதல் காரும் 2017-இல் வெளிவந்தன. நிறுவனத்தை வாங்கியது எதற்காக என்பதற்கு அந்த ஒற்றை அடித்தளமே விடை. வோல்வோவும் இதில் நலிந்துவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்: 2010-இல் ஏறத்தாழ 3,73,000 கார்களை விற்ற நிறுவனம் 2023-இல் 7,08,000-க்கும் மேல் விற்றது.

காப்புரிமைக்காக ஒரு நிறுவனத்தையே வாங்குவதும் உண்டு. இரு சக்கரத்தில் தானே சமநிலை காக்கும் வண்டிகளைச் செய்யும் சீனாவின் நைன்பாட் தன் காப்புரிமையை மீறுவதாக, 2014-இல் அமெரிக்காவின் செக்வே புகார் கொடுத்தது. 2015 ஏப்ரலில் நைன்பாட் செக்வேயையே வாங்கிவிட்டது. வழக்குக்கு வழக்கும் முடிந்தது, பெயருக்குப் பெயரும் கிடைத்தது.

ஆகவே, வலிமை இருப்பவர்தான் வெளிநாடு செல்வார் என்ற விதியை அப்படியே கைவிட வேண்டியதில்லை. இவர்களிடமும் வலிமை இருந்தது: பரந்த உள்நாட்டுச் சந்தை, மலிவான உற்பத்தி, எளிதில் கிடைத்த கடன். இல்லாதது பெயர், வடிவமைப்பு அறிவு, விற்பனை வலைப்பின்னல். முன்னதைக் கொடுத்துப் பின்னதை வாங்கினார்கள்.

நெடுவழி:

கடலோடி ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அரசின் பங்கை அவர் மிகவும் சுருக்கிவிட்டார் என்றே கருதுகிறேன். ‘எளிதில் கிடைத்த கடன்’ என்று போகிற போக்கில் அவர் குறிப்பிட்டதற்குள்தான் பாதிக் கதை இருக்கிறது. அந்தக் கடனைக் கொடுத்தவை அரசு வங்கிகள். ‘வெளியே செல்’ என்ற கொள்கை 2001-இல் தொடங்கிய பத்தாவது ஐந்தாண்டுத் திட்டத்திலேயே இடம்பெற்றது. பெரிய வெளிநாட்டுக் கொள்முதல் எதுவானாலும் தேசிய வளர்ச்சி சீர்திருத்த ஆணையம், வணிக அமைச்சகம், அந்நியச் செலாவணி நிர்வாகம் ஆகியவற்றைக் கடக்காமல் பணம் எல்லையைத் தாண்டாது. ஜீலி தனியார் நிறுவனம்தான். ஆயினும் வோல்வோவை வாங்க அது திரட்டிய பணத்தில் டாச்சிங் நகர அரசும் ஷாங்காயின் ஜியாடிங் மாவட்ட அரசும் பங்கு போட்டிருந்தன. தங்கள் ஊருக்கு ஓர் ஆலை வர வேண்டும் என்பது உள்ளூர் அரசுகளின் கணக்கு. பின்னர் டாச்சிங்கில் வோல்வோ ஆலை அமைந்தது. பெய்ஜிங் கட்டளையிடுவதும் உள்ளூர் அரசு பேரம் பேசிக் கூட்டுச் சேர்வதும் ஒன்றல்ல. ‘அரசு’ என்ற ஒரே பெயரில் இவ்விரண்டையும் அடக்கினால் ஆய்வு தடுமாறும்.

வளத்தைத் தேடிச் செல்லும் முதலீட்டை ஆப்பிரிக்காவோடு மட்டும் இணைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஆஸ்திரேலியாவும் கனடாவும் வளர்ந்த நாடுகள்தாம். கடல்சார் எண்ணெய் நிறுவனமான சிஎன்ஓஓசி, 2005-இல் அமெரிக்காவின் யூனோகாலுக்கு 1,850 கோடி டாலர் கொடுக்க முன்வந்து, நாடாளுமன்ற எதிர்ப்பால் பின்வாங்கியது. பின்னர் கனடாவின் நெக்ஸனை 1,510 கோடி டாலருக்கு 2013-இல் வாங்கி முடித்தது. அந்தக் கொள்முதலுக்கு 2012 டிசம்பரில் ஒப்புதல் அளித்த அதே நாளில், எண்ணெய் மணல் தொழிலில் அயல்நாட்டு அரசு நிறுவனங்கள் இனிக் கட்டுப்பாட்டு உரிமை பெறுவது விதிவிலக்காகவே அனுமதிக்கப்படும் என்று கனடா அறிவித்தது. இத்தகைய முதலீடுகளில் அரசின் நோக்கமும் நிறுவனத்தின் நோக்கமும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன.

கடலோடி ஐயா தொடாத இன்னொரு நோக்கம் உண்டு. பாடநூல் வகைப்பாட்டில் இதற்கு இடமே இல்லை. அது பணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது. 2015 ஆகஸ்டில் யுவானின் மதிப்பு திடீரெனக் குறைக்கப்பட்டபோது, மேலும் குறையும் என்ற எதிர்பார்ப்பு பரவியது. யுவானில் வைத்திருக்கும் செல்வத்தை டாலர் சொத்தாக மாற்றப் பலரும் வழி தேடினார்கள். வெளிநாட்டு நிறுவனத்தையோ கட்டடத்தையோ வாங்குவது சட்டத்துக்கு உட்பட்ட வழியாக இருந்தது. 2014 நடுவில் ஏறத்தாழ 4 லட்சம் கோடி டாலராக இருந்த சீனாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2017 ஜனவரியில் 3 லட்சம் கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கியது. இதே காலத்தில்தான் சீன நிறுவனங்களின் வெளிநாட்டு முதலீடு உச்சத்தைத் தொட்டது. காப்பீட்டு நிறுவனமான அன்பாங், நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியை 195 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. நிலவணிகக் குழுமமான வாண்டா, அமெரிக்கத் திரையரங்குத் தொடர் ஒன்றைத் தொடர்ந்து ஹாலிவுட் தயாரிப்பு நிறுவனம் ஒன்றையும் வாங்கியது. இவற்றில் என்ன தொழில்நுட்பம் இருக்கிறது, எந்த உள்நாட்டுப் போட்டி இருக்கிறது?

அரசு அப்போது என்ன செய்தது என்பதுதான் முக்கியம். 2016 இறுதியில் கடிவாளத்தை இறுக்கி, 2017 ஆகஸ்டில் வெளிநாட்டு முதலீடுகளை ஊக்குவிக்கப்படுபவை, கட்டுப்படுத்தப்படுபவை, தடை செய்யப்படுபவை என்று பிரித்தது. நிலவணிகம், விடுதிகள், திரையரங்குகள், விளையாட்டுக் கழகங்கள் ஆகியவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் விழுந்தன. 2018 பிப்ரவரியில் அன்பாங்கையே அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அரசின் கட்டளையால்தான் எல்லாரும் போனார்கள் என்றால், அரசே பாதியில் நிறுத்தியது ஏன்? இவ்வகையில் நீங்கள் குறிப்பிட்ட ஒற்றை வரி விளக்கம் எனக்கும் ஏற்புடையதன்று.

புள்ளிவிவரம் பற்றி ஓர் எச்சரிக்கை. சீனாவின் அதிகாரப்பூர்வக் கணக்கில் வெளிநாட்டு முதலீட்டின் பெரும்பகுதி ஹாங்காங்குக்குச் செல்வதாகவே பதிவாகிறது. கேமன் தீவுகளும் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளும் பட்டியலில் முன்னே நிற்கின்றன. அங்கிருந்து அது எந்த நாட்டுக்குப் போனது, அல்லது சுற்றிவிட்டுச் சீனாவுக்கே திரும்பியதா என்பது அந்தக் கணக்கில் தெரியாது. நாடுவாரி எண்களை மட்டும் நம்பி நோக்கத்தை ஊகிக்காதீர்கள். தனித்தனிக் கொள்முதல்களைப் பட்டியலிட்டு ஆராய்வதே பாதுகாப்பானது.

உலைக்கூடம்:

இயந்திரத் தொழில் சார்ந்த பொறியாளன் என்ற முறையில், முன்னவர்கள் இருவரும் விட்டுவிட்ட ஒரு திருப்பத்தைச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் எழுதியவை பெரும்பாலும் 2018-க்கு முந்தைய நிலைமை. இன்று ஐரோப்பாவுக்கு வரும் சீன முதலீட்டில் கையகப்படுத்தல் குறைந்து, புதிதாக ஆலை கட்டுவது முன்னுக்கு வந்துவிட்டது. நோக்கமும் தலைகீழாக மாறியிருக்கிறது.

இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம், வாங்க முடியாமல் போனது. ஆக்ஸ்பர்க் நகரின் ரோபோ நிறுவனமான கூக்காவை, வீட்டு உபயோகப் பொருள் நிறுவனமான மிடியா 2016-இல் கையகப்படுத்த முன்வந்தபோது, அந்த ஜெர்மன் நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 450 கோடி யூரோவாகக் கணக்கிடப்பட்டது. முந்தைய ஆண்டு மே மாதத்தில்தான் ‘மேட் இன் சைனா 2025’ திட்டம் ரோபோக்களை முன்னுரிமைத் துறைகளில் ஒன்றாக அறிவித்திருந்தது. ஜெர்மன் கார் நிறுவனங்கள் கூக்காவின் வாடிக்கையாளர்கள் என்பதால், வேலைவாய்ப்பு, தலைமையகம், வாடிக்கையாளர் தரவு ஆகியவற்றுக்கு 2023 இறுதி வரை பாதுகாப்பு அளிக்கும் ஒப்பந்தத்தில் மிடியா கையெழுத்திட்டது. ஆயினும் அந்தக் கொள்முதல் கிளப்பிய கவலையால் 2017-இல் ஜெர்மனி, அயல்நாட்டு முதலீடுகளை ஆராயும் தன் விதிகளைக் கடுமையாக்கியது. 2018-இல் அமெரிக்கா புதிய சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது ஆய்வு நெறிமுறை 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது காரணம் மகிழ்ச்சியானது, சீன நிறுவனங்களின் பார்வையில். வாங்க வேண்டிய தேவையே பல துறைகளில் இல்லாமல் போய்விட்டது. மின்கலத் தொழிலில் சீனாவின் சிஏடிஎல் யாரிடமும் கற்க வேண்டிய நிலையில் இல்லை. சீனாவுக்கு வெளியே அது அமைத்த முதல் ஆலை, ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் ஆர்ன்ஷ்டாட் நகரில், 180 கோடி யூரோ திட்டமாக எழுந்து 2022 டிசம்பரில் மின்கலம் செய்யத் தொடங்கியது. ஹங்கேரியின் டெப்ரெட்சன் நகரில் 730 கோடி யூரோவில் அடுத்த ஆலையை அறிவித்தது. மின்கலம் கனமானது, அபாயகரமான சரக்கு, கப்பலில் வாரக்கணக்கில் கிடந்தால் பணமும் கூடவே முடங்கும். கார் ஆலை எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்தில் இருப்பதே இத்தொழிலின் இயல்பு. டெப்ரெட்சனில் பிஎம்டபிள்யூ ஆலை இருப்பது தற்செயலானது அல்ல.

மூன்றாவது, சுங்க வரி. சீனாவில் செய்யப்பட்ட மின் கார்கள் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2023 இலையுதிர் காலத்தில் மானிய விசாரணையைத் தொடங்கியது. அந்த டிசம்பரிலேயே ஹங்கேரியின் செகெட் நகரில் கார் ஆலை கட்டப்போவதாகச் சீன மின் கார் நிறுவனமான பிஒய்டி அறிவித்தது. 2024 அக்டோபர் இறுதியில், ஏற்கெனவே இருந்த 10 விழுக்காட்டுக்கு மேல், பிஒய்டி கார்களுக்கு 17, ஜீலிக்கு 18.8, மற்றொரு சீனக் கார் நிறுவனமான எஸ்ஏஐசிக்கு 35.3 விழுக்காடு கூடுதல் வரி விதிக்கப்பட்டது. வேலிக்கு வெளியே நின்று வரி கட்டுவதைவிட, வேலிக்குள் வந்து உற்பத்தி செய்வது மேல் என்ற கணக்கு இது. 1980-களில் ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்காவில் போட்ட அதே கணக்கு.

செங்காந்தள் அவர்கள் கூலியைப் பற்றிக் கேட்டிருந்தார். கூலி ஒன்று மட்டுமே செலவு ஆகாது. அமெரிக்காவின் ஒஹாயோவில், ஜெனரல் மோட்டார்ஸ் மூடிவிட்டுப் போன ஆலையை 2014-இல் வாங்கிக் கார்க் கண்ணாடி செய்யும் ஃபுயாவோவின் அப்போதைய தலைவர் சாவ் தேவாங், கூலி அங்கே மிக அதிகம் என்றாலும் நிலம், மின்சாரம், எரிவாயு, வரிச் சுமை ஆகியவை சீனாவைவிடக் குறைவு என்று 2016 இறுதியில் வெளிப்படையாகப் பேசியது சீனாவிலேயே பெரிய விவாதமானது. கண்ணாடி உலைக்கு எரிபொருள்தான் உயிர். உடையும் பொருளைக் கடல் கடந்து அனுப்புவதும் வீண் செலவு. ஆகவே செலவுத் திறன் என்ற நோக்கத்தை வளர்ந்த நாடுகளுக்குப் பொருந்தாதது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்று பாடநூல் விதி எதிர்த்திசையில் மெய்யாகிக்கொண்டிருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் மார்ஷல் நகரில் ஃபோர்டு கட்டும் மின்கல ஆலைக்கு உரிமையாளர் ஃபோர்டு மட்டுமே. சிஏடிஎல் தருவது தொழில்நுட்ப உரிமம். கற்பவர் யார், கற்பிப்பவர் யார் என்பது இருபது ஆண்டுகளுக்குள் இடம் மாறிவிட்டது.

செங்காந்தள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கான்கிரீட் பம்பு எடுத்துக்காட்டு என் ஆய்வின் போக்கையே மாற்றக்கூடியது. இன்னும் ஓர் ஐயம்: உத்திசார் சொத்தைத் தேடிச் சென்றவர்கள் உண்மையில் அதைப் பெற்றார்களா? நோக்கம் இருந்ததற்குச் சான்றாக வெற்றிகளை மட்டும் காட்டினால், நேர்முகத் தேர்வில் என்னைக் கேள்வியால் துளைத்துவிடுவார்கள்.

கடலோடி:

நியாயமான ஐயம். நெடுவழி அவர்களின் திருத்தத்தையும் ஏற்கிறேன். உள்ளூர் அரசுகளின் பேரத்தை ஆய்வில் தனியாகக் கையாளுங்கள்.

தோல்விகள் நிறையவே உண்டு. 2004-இல் பிரான்சின் தாம்சன் நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொழிலைச் சீனாவின் டிசிஎல் தன் கூட்டு நிறுவனத்துக்குள் கொண்டுவந்தது. தாம்சனின் வலிமை படக்குழாய்த் தொலைக்காட்சியில் இருந்தது. உலகமோ தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்தது. வாங்கிய அறிவு கைக்கு வருவதற்குள் காலாவதியாகிவிட, டிசிஎல் ஆண்டுக்கணக்கில் நட்டத்தைச் சுமந்தது. அதே ஆண்டில் தென் கொரியாவின் சாங்யோங் கார் நிறுவனத்தில் 48.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய எஸ்ஏஐசி மீது, தொழில்நுட்பத்தை எடுத்துச் செல்ல மட்டுமே வந்ததாகத் தொழிலாளர்கள் குற்றம் சாட்டினார்கள். 2009 ஜனவரியில் சாங்யோங் நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரியது, கோடையில் 77 நாள் வேலைநிறுத்தம் நடந்தது, எஸ்ஏஐசி வெளியேறியது. நோக்கம் வோல்வோவைப் போன்றதே. வேறுபாடு, வாங்கப்பட்ட நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கி வேலை செய்ய விரும்பினார்களா என்பதில் இருந்தது. ஜீலி, வோல்வோவின் நிர்வாகத்தைப் பெரிதும் அதன் போக்கிலேயே விட்டது. பொறியாளரின் தலைக்குள் இருக்கும் அறிவைப் பங்குப் பத்திரத்தோடு சேர்த்து வாங்க முடியாது.

ஆய்வு முறைக்கு என் பரிந்துரை இதுதான். ஒரே தொழிலுக்குள், ஒரே காலத்தில், வேறுபட்ட உரிமை கொண்ட சீன நிறுவனங்கள் செய்த கொள்முதல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் என்ன சொன்னார்கள் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, வாங்கிய பின் ஐந்து ஆண்டுகளில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சீனாவில் புதிய ஆலை எழுந்ததா, காப்புரிமை விண்ணப்பங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தன, வளர்ச்சி மையம் எங்கே விரிவடைந்தது, பழைய தலைமைப் பொறியாளர்கள் எத்தனை பேர் நீடித்தார்கள் என்பவற்றையெல்லாம் ஆண்டறிக்கைகளிலிருந்தும் காப்புரிமைப் பதிவேடுகளிலிருந்தும் எடுத்துவிடலாம். பணத்தை வெளியேற்றுவதற்காக வாங்கியவர்களிடம் இவற்றில் எதுவும் நடந்திருக்காது. கான்கிரீட் பம்புகளிலிருந்தே தொடங்குங்கள். மூன்று வாங்குநர்களில் சூம்லயனும் எக்ஸ்சிஎம்ஜியும் பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ளன, சானியின் முதன்மை நிறுவனமும் ஷாங்காயில் பட்டியலிடப்பட்டது என்பதால் ஆவணங்களுக்குப் பஞ்சம் இருக்காது.